அப்பாவின் நாற்காலியோடு கொடகவெலவுக்கு

சனிக்கிழமை, காலை 5.50. தெஹியோவிட்ட பஸ் தரிப்பிடத்தில் மடித்த சக்கர நாற்காலி ஒன்றோடு நின்றேன். மூன்று வருடம் அதில் உட்கார்ந்திருந்தவர் என் அப்பா. றப்பர் பால் வெட்டியவர். வாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு அவரைத் தூக்கி உட்காரவைத்தது, குளிப்பாட்டியது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் புரட்டிவிட்டது எல்லாம் நான்தான். அவர் போய் முப்பத்தெட்டு நாள் ஆகிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். உயர்தரப் பரீட்சையும் பாஸ். இருந்தும் விடியற்காலையில் தானாக எழுந்து, இல்லாத ஆளைப் புரட்டப் போகும் இந்தக் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

கொடகவெலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பாவின் தங்கை இருக்கிறார். என் அத்தை. இடுப்பு முறிந்து பதினொரு மாதமாக லயத்தை, தொழிலாளர் வரிசை வீட்டை, விட்டு இறங்கியதில்லை. லயத்திலிருந்து ரோட்டுக்கு நாற்பத்தேழு கல்படிகள். அப்பாவின் சாவுக்கும் அந்தப் படிகளால்தான் அவரால் வர முடியவில்லை. கூடப்பிறந்தவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. அவரை ஒரு தரமாவது ரோட்டுக்கு இறக்கிக் காட்டவேண்டும். நான் கிளம்பியது அதற்குத்தான்.

6.30. அவிசாவளைக்கு எழுபது ரூபாய். அங்கிருந்து இரத்தினபுரி நாற்பத்திரண்டு கிலோமீட்டர், இருநூற்றுப் பத்து ரூபாய். நாற்காலிக்கும் ஒரு டிக்கெட். கண்டக்டர் நாற்காலியைப் பார்த்தார், பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“லெடா கோ மல்லி?”

நோயாளி எங்கே தம்பி என்கிறார். எனக்கும் சின்ன வயதிலிருந்தே சிங்களம் வரும். நாற்காலியை ஓரமாக நகர்த்திக்கொண்டே, “கொடகவெல இன்னே” என்றேன். கொடகவெலவில் இருக்கிறார். சொன்ன பிறகுதான் அது பொய்யில்லை என்று உறைத்தது.

9.00. இரத்தினபுரியில் ஒரு பிளேன் டீ, மீன் வைத்த மாலுபாண் ஒன்று. அடுத்த பஸ் பெல்மதுளை, காவத்தை வழியாகப் போனது. வளைவுக்கு வளைவு நாற்காலி சரிய, பக்கத்து சீட் அம்மா தன் காலை அதற்கு முட்டுக் கொடுத்தார்.

11.20. கொடகவெல. ஆட்டோவுக்கு எண்ணூறு ரூபாய். படியடியில் அத்தையின் மகன் ராஜூ நின்றிருந்தான். “புதுசா மச்சான்?” என்று கேட்டான். நான் நாற்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினேன்.

வாசலில் அதை விரித்ததும் ராஜூவின் மனைவி செல்வியக்காவின் முகம் மாறியது.

“என்னா தம்பி, சீட்டெல்லாம் மஞ்சளா இருக்கு?”

அது என் வேலை. எங்கள் ஆட்கள் கருமாதி முடிந்ததும் இறந்தவரின் பாய், தலையணை, துணி எல்லாவற்றையும் கழித்துவிடுவார்கள். நாற்காலியையும் வீசச் சொன்னார்கள். நான் விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். தீட்டுப் போகட்டும் என்று முந்தின நாள் மஞ்சள் தண்ணீரில் மூன்று தரம் கழுவினேன். சாம்பல் நிறத் துணி சோற்றில் சாம்பார் ஊற்றியது மாதிரி ஆகிவிட்டது. தீட்டு போனதோ இல்லையோ, எந்த வீட்டுச் சாமான் என்று அதுவே கூவிச் சொன்னது.

“மாமா உக்காந்ததா?” என்றார் செல்வியக்கா.

“ஆமாங்க்கா.”

“செத்தவங்க சாமான வீட்டுக்குள்ள ஏத்தக் கூடாது தம்பி. நாளைக்கு அத்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா சனம் என்னயத்தான் பேசும்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாற்காலியை மடிக்கக் குனிந்தேன். உள்ளேயிருந்து அத்தையின் குரல்.

“யாருடி அது, எங்கண்ணன் வண்டிய வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கிறது?”

“அத்தை, அது வந்து...” என்று இழுத்தார் செல்வியக்கா.

“எனக்கு எல்லாம் கேட்டுச்சு. மொகத்தத்தான் பாக்கக் குடுத்து வைக்கல. அவரு உக்காந்த எடத்துலயாவது உக்காந்துக்கிறேன். கொண்டா இங்க.”

செல்வியக்கா வழிவிட்டார்.

அத்தையின் கக்கத்தில் கை கொடுத்தேன். எங்கே பிடிப்பது, எப்போது மூச்சை இழுப்பது, முழங்காலை எங்கே முட்டுக் கொடுப்பது என்று கைகளுக்குத் தெரிந்திருந்தது. ஒரே தூக்கு. அத்தை உட்கார்ந்து, இரண்டு கைப்பிடியையும் தடவிப் பார்த்தார்.

பிற்பகல் 3.10. நான் மேலே கைப்பிடியில், ராஜூ கீழே சட்டத்தில். நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து, பெரிய சக்கரம் ஒரு படியில் உட்கார்ந்த பிறகே அடுத்த படி. காலை மழையில் கல்லெல்லாம் வழுக்கல். எங்களுக்கு முன்னால் ஒருவர் விளக்குமாறோடு இலையைக் கூட்டிக்கொண்டே இறங்கினார். செல்வியக்கா.

“மெதுவாய்யா. நான் கொழுந்து மூட்டையில்ல.”

“மூட்டைன்னா உருட்டி விட்டுருப்பேம்மா,” என்றான் ராஜூ.

முப்பதாவது படியில் அவன் கால் சறுக்கியது. என் கை விடவில்லை. மூன்று வருடப் பழக்கம் அது. நாற்பத்தேழாவது படியில் சக்கரம் தார் ரோட்டைத் தொட்டபோது நான்கு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம், ஏனென்று தெரியாமல்.

ரோட்டோரம் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கூடையை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள், பாதி நாளென்றால் அரைப்பேர். அத்தையோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்த ஒருத்தி இடுப்பில் கை வைத்துச் சொன்னாள்: “பதினோரு மாசம் கழிச்சு, அதுவும் மூணரை மணிக்கு வர்றவளுக்கு அரைப்பேருதான்டி.”

“அரைப்பேரா?” அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்கண்ணன் வண்டியில வந்திருக்கேன். போடுடி முழுப்பேரு.”

5.15. வெறுங்கையோடு திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். காவத்தை தாண்டும்போது ராஜூவின் அழைப்பு.

“மச்சான், அம்மா நாளைக்குக் கோயிலுக்குப் போகணுங்கிறாங்க. கோயில் ரோட்டு சரிவுல எந்தப் பக்கமா எறக்கிறது?”

“முதுகுப்பக்கமா. நீ கீழ நில்லு, அவங்க மொகம் மேட்டப் பாக்கட்டும். கைய விட்றாத. ஒவ்வொரு அடியும் சொல்லிச் சொல்லி எறக்கு.”

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் குரலைக் குறைக்கவில்லை. அப்பாவை இறக்கிப் பழகியது எல்லாவற்றையும் பெல்மதுளை வரும்வரை சொல்லிக்கொண்டே போனேன்.