நிழல் நகர்ந்தது, அத்தை நகரவில்லை

பாளையம்பட்டியில் எங்களுக்குச் சிறிய மளிகைக் கடை. நானும் என் மாமியாரும் மாறி மாறிப் பார்த்துக்கொள்வோம். போன கோடை விடுமுறையில் ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு, அத்தையையும் மகளையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் சுற்றிப் பார்க்கப் போனேன்.

மதியம் அரண்மனைக்குள் போனதும், முட்டி வலிக்கிறது, படியேற முடியாது என்றார் அத்தை. அவரை ஒரு வேப்பமர நிழலில் பைகளோடு உட்காரவைத்து, “இங்கனயே இருங்கத்தே, பத்து நிமிசத்துல வாரோம்” என்றேன். உள்ளே சிலைகளைப் பார்த்து, போட்டோ எடுத்ததில் ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது.

திரும்பி வந்தால், நிழல் மரத்தின் மறுபக்கம் போயிருந்தது. அத்தை மட்டும் அதே இடத்தில், வெட்டவெயிலில், பைகளின் மேல் சாய்ந்து கிடந்தார். பதறிப்போய் நிழலுக்குத் தூக்கி வந்து முகத்தில் தண்ணீர் தெளித்தோம். நல்லவேளை, கண் திறந்தார்.

“நாலு எட்டு தள்ளி உக்காந்தா என்னத்தே?” என்று கத்தியே விட்டேன்.

“நீதான இங்கனயே இருக்கச் சொன்ன? கடையில நீ வார வரைக்கும் நான் எந்திரிக்கவா செய்யிறேன்?” என்றார்.

மறுநாள் வழக்கம்போல் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, மூன்று மணிக்குக் கடைக்குப் போனேன். அத்தை உட்கார்ந்திருந்த ஸ்டூல் மீது மேற்கு வெயில் முழுதாக விழுந்துகொண்டிருந்தது. பதினோரு வருடமாக அதே நேரத்துக்குத்தான் போகிறேன். அந்த வெயில் அன்றுதான் என் கண்ணில் பட்டது.

இப்போது மதியத்தில் அந்த ஸ்டூலில் நான் உட்காருகிறேன்.