கூடிப்போன எண்ணெய்

நண்பர் தனபாலன் இறந்த செய்தி, ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குத் தொலைபேசியில் வந்தது. மார்பு வலி, மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம். புந்தோங்கில் அவருடைய மோட்டார் சைக்கிள் பட்டறைக்குப் போய் வந்த எல்லோரும் மறுநாள் சுடுகாட்டில் நின்றோம். என்னைப் பேசச் சொன்னார்கள். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று அழுதுகொண்டே சொன்னேன். அதைக் கேட்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எழுபதுகளில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பழைய ஸ்கிராம்ப்ளர் மோட்டார் சைக்கிள் வாங்கினோம். ரப்பர் மரங்களை வெட்டிவிட்ட தோட்டங்களில் அப்போது மண்பாதைப் பந்தயம் நடக்கும். நான் ஓட்டுவேன், வண்டியை அவர் பார்த்துக்கொள்வார். பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் வண்டி அது. எண்ணெய் குறைந்தால் எஞ்சின் இறுகிவிடும். கூடினால் பிளக் நனைந்து, கரி பிடித்து, வண்டி நின்றுவிடும். கலப்பது மட்டும் என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வாங்கிய புதிதில் பிளக் ஓயாமல் கறுத்தது. தனபாலன் காற்று வடிகட்டியைப் பெட்ரோலில் அலசிக் காயவைத்தார். கார்பரேட்டர் ஊசியை ஒரு படி இறக்கினார். வேறு சூட்டு அளவுள்ள பிளக்கை மாட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றியபோது முனை கோப்பித்தூள் நிறத்தில் இருந்தது; கலவை சரியாக எரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். “பிளக்கு பொய் சொல்லாது மச்சான். உள்ள என்னா நடக்குதோ அதத்தான் காட்டும்” என்றார்.

பிறகு சிலிம் ரிவர் பந்தயத்தில் விழுந்து என் தோள் எலும்பு முறிந்தது. என் மனைவி இந்திராணி அப்போது கர்ப்பமாக இருந்தாள். இனி ஓட்டவேண்டாம் என்று கெஞ்சினாள். நான் கேட்கவில்லை. ஈப்போவில் மோட்டார் கடை வைத்திருந்த ஒரு சீன முதலாளி தன் அணிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். தோள் ஆறியபின் நான் ஓட்டவிருந்த பந்தயத்துக்கு அவர் வரப்போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

வந்தார். நான் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் திணறி, வெள்ளைப் புகை கக்கி, நின்றது. புதுப் பிளக் மாட்டினேன். அதுவும் சற்று நேரத்தில் நனைந்துபோனது. தனபாலன் ஓடிவந்து அதைக் கழற்றி என் கையில் வைத்தார்.

“எண்ணெ கூடிப்போச்சு மச்சான். நீதானே கலக்குன?”

முதலாளி காரில் ஏறிப் போய்விட்டார். அதன்பின் நான் பந்தயத்துக்குப் போகவில்லை. வண்டியைத் தனபாலனே விற்றுக் கொடுத்தார். எண்ணெய்கூடக் கலக்கத் தெரியாதவன் என்ற நினைப்பு என்னோடு வேலைக்கும் வந்தது. முறுக்கிய திருகாணியைத் திரும்பத் திரும்ப முறுக்கிப் பார்ப்பேன். கோப்பிக்கடையில் தனபாலன், “மச்சானுக்கு எண்ணெயில மட்டும் தாராள மனசுலா” என்று கேலி செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்திராணி எதிரில் வந்து உட்கார்ந்தாள். அந்தக் கடைசிப் பந்தயத்தன்று காலையில் நான் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்துப் பெட்ரோல் டாங்கியில் எண்ணெயை ஊற்றியது தனபாலன் என்றாள். வண்டி ஓடாமல் செய்யும்படி அவரிடம் அழுதது தான்தான் என்றும் சொன்னாள்.

“அப்பவே ஏன் என்கிட்ட சொல்லல?”

“அண்ணந்தான் வேணாம்னாரு. தன் கையாலதான் கெட்டுச்சுன்னு நெனச்சா அவனே விட்டுருவான், அப்படியே இருக்கட்டும்னாரு.”

அவள் பயந்தது எனக்குப் புரிகிறது. வயிற்றில் பிள்ளையோடு இருந்தவள். அவளிடம் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன், இப்போது பேசுகிறேன். தனபாலன் செய்ததுதான் புரியவில்லை. வண்டியை நிறுத்த அந்தக் கைக்கு எத்தனையோ வழி தெரியும். ஒரு கம்பியைத் தளர்த்தியிருந்தால் பழி வண்டியோடு போயிருக்கும். அவர் என் மேல் போட்டார். போட்டுவிட்டு என் தோளில் கைபோட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நடந்தார்.

நல்ல மெக்கானிக். நண்பர்களுக்கு ஒன்றென்றால் ஓடிவருவார். நீங்கள் சொல்வதில் எதையும் நான் மறுக்கவில்லை. முன்பே தெரிந்திருந்தாலும் அவருடைய பாடையைத் தூக்கியிருப்பேன். அதற்கு முன்னால் அவர் பட்டறைக்குப் போய், எல்லோரும் பார்க்க, சட்டையைப் பிடித்திருப்பேன். அவர் திட்டியிருப்பார், நானும் திட்டியிருப்பேன், என்றாவது ஒருநாள் சேர்ந்திருப்போம். அந்தச் சண்டைதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. அதைப் போட எனக்கு வேறு ஆள் இல்லை.