படிக்கட்டுச் சங்கத்து அக்கா

நாலாவது மாடித் திருப்பத்தில் மடக்கு ஸ்டூலை விரித்து உட்கார்ந்ததும், மேலே ஏறி வருகிறவர்களின் காலைத்தான் அக்கா முதலில் பார்ப்பார். முகம் அப்புறம். "குதிகால் ஒரு பக்கமாத் தேய்ஞ்சிருக்கு பாருங்க. சாய்ஞ்சு சாய்ஞ்சு நடக்கறீங்க" என்பார், சிலிண்டரைத் தோளில் சுமந்து வருகிற ஆளிடம். "இதைத் தூக்கிட்டு நிமிர்ந்து நடக்க நான் என்ன மாப்பிள்ளையா அக்கா?" என்பார் அவர். அக்கா சிரிப்பார். அந்தச் சிரிப்பு கீழே சைக்கிள் நிறுத்துகிற இடம் வரைக்கும் கேட்கும்.

இருபது வருஷத்துக்கு மேலாக அவருக்குச் செருப்புக் கடையில் வேலை. வாடிக்கையாளர் உட்காருவார், அக்கா நிற்பார், அல்லது குனிவார். அளவு என்ன என்று கேட்பதில்லை. காலைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வருவார். அது பல நேரம் சரியாக இருக்கும். சில நேரம் கட்டைவிரல்கூட நுழையாது. "கால் என்னை ஏமாத்திடுச்சு" என்று மறுபடி உள்ளே போவார். ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார். உட்கார்ந்தபடியே "சரியா இருக்கு, கட்டிக் குடுங்க" என்று சொல்கிறவரை எழுப்பிவிடுவார். "நாலு எட்டு நடந்து பாருங்க. உட்கார்ந்து பார்த்தா எல்லாச் செருப்பும் சரியாத்தான் இருக்கும்." அவர்கள் நடந்துவிட்டு வந்ததும் ஒரே கேள்வி: "கடிக்குதா?"

வீடு, எட்டு மாடிக் குடியிருப்பின் எட்டாவது மாடியில். லிஃப்ட் இரண்டு உண்டு. ஒன்று பழுதாகி நின்றது. கொஞ்ச நாளில் மற்றதும் அதற்குத் துணையாக நின்றது. 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு தாளை வீட்டுவசதி அலுவலகத்தார் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். தாள் மஞ்சளாகிச் சுருண்டு உதிர்ந்தது. மூன்று வருஷம் ஆயிற்று.

மூச்சு வாங்குகிறதே என்று அக்கா ஒருநாள் கடைப் பையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வந்து நாலாவது மாடியில் உட்கார்ந்தார். பின்னால் வந்தவர் காய்கறிப் பையை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் தண்ணீர் கேட்டார். அந்த மாடி வீட்டுக்காரம்மா தினமும் தண்ணீர் கொடுத்து அலுத்துப்போய்க் குடத்தையே வெளியில் வைத்துவிட்டார். வீட்டுக்குள் தனித்தனியாகத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் படியில் உட்கார்ந்து சேர்ந்து திட்ட ஆரம்பித்தார்கள். படிக்கட்டுச் சங்கம் பிறந்தது இப்படித்தான். கொடி கிடையாது, சந்தா கிடையாது. தலைவர் யார் என்று கேட்டால், "யாருக்கு மூச்சு வாங்கலையோ அவங்க பேசுவாங்க" என்பார் அக்கா.

சங்கத்தின் போராட்டமும் அந்தச் சங்கத்தைப் போலவேதான் இருந்தது. வீட்டுவசதி அலுவலகத்தில் லிஃப்ட் நன்றாக ஓடுகிறது. ஒரு திங்கட்கிழமை குடியிருப்பே திரண்டு போய் அந்த லிஃப்ட்டில் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கோஷம் இல்லை, சத்தம் இல்லை. உள்ளே இருப்பவர்கள் இறங்கினால் வெளியே இருப்பவர்கள் ஏறினார்கள். அதிகாரிகள் கோப்புகளோடு படியில் ஏறி வியர்த்தார்கள். "என்னம்மா இது?" என்று ஒருவர் கேட்டதற்கு, "எங்க வீட்டுப் பக்கம் லிஃப்ட்ல போறதே மறந்துபோச்சு சார். கொஞ்சம் பழகிட்டுப் போயிடறோம்" என்றார் அக்கா. மறுவாரம் ஓர் ஆள் வந்து அளவெடுத்துக்கொண்டு போனார். அளவெடுத்ததோடு சரி.

அந்தச் சமயத்தில்தான் வார்டு தேர்தல் வந்தது. சங்கத்துக்குள் முதல் சண்டையும் கூடவே வந்தது.

கூட்டம் படிக்கட்டிலேயே நடந்தது. கீழ்ப்படியிலிருந்து ஏழாவது மாடி வரை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது மாடியில் பேண்ட் மாஸ்டரின் வீடு. ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு டிரம்பெட் ஊதியவர். கனத்த உடம்பு, சர்க்கரை வியாதி ஒரு காலை வாங்கிக்கொண்டது. லிஃப்ட் நின்ற நாளிலிருந்து அவர் தரையை மிதிக்கவில்லை. அவருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகக் கீழே பேசுவதை மாடிக்கு மாடி வாய்வழியாக அனுப்பினார்கள்.

இரண்டாவது மாடி டியூஷன் சார் முதலில் பேசினார். "மனு குடுத்தாச்சு, போராடியாச்சு. இனிமே நம்ம ஆளையே நிறுத்தணும். அக்காதான் நிக்கணும்."

"நானா?" என்றார் அக்கா. "காலையிலேர்ந்து கடையில நின்னுட்டுத்தான் சார் வர்றேன். இன்னும் எங்க போய் நிக்கிறது?"

சிரிப்பு மாடி மாடியாக மேலே ஏறிப்போனது. அது அடங்குவதற்குள் அக்காவின் கணவர் எழுந்தார். அவர் பஸ் கண்டக்டர். அவருக்கு மைக் தேவைப்படாது. "ஓட்டே போடக் கூடாது! எத்தனை தடவை போட்டோம், என்ன கிழிச்சாங்க? வாசல்ல பேனர் கட்டுவோம். புறக்கணிப்போம்!"

"நாம போடலேன்னா அவங்களுக்கு மிச்சம்" என்றார் டியூஷன் சார்.

"நீங்க ஆளை நிறுத்தித் தோத்தா? 'பார்த்தீங்களா, அவங்க பின்னாடி ஆளே இல்லை'ன்னு லிஃப்ட்டை மூடிச் சுவர் எழுப்பிடுவான்!"

குரல்கள் தடித்தன. கீழே பாதிப் பேர் ஒரு பக்கம், மேலே பாதிப் பேர் மறு பக்கம். "அப்போ உங்க சங்கம் வேற, எங்க சங்கம் வேற" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். குடத்தை வெளியில் வைத்த அம்மா அதை உள்ளே எடுக்க எழுந்ததை அக்கா பார்த்தார்.

இதற்கிடையில் கண்டக்டரின் 'புறக்கணிப்போம்' மாடி மாடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஐந்தாவது மாடியில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர் அதை வாங்கி, "புறப்படுவோமாம்!" என்று மேலே அனுப்பினார்.

பிறகு ஏழாவது மாடியிலிருந்து டிரம்பெட் முழங்கியது. கட்டடம் முழுக்க அதிர்கிற மாதிரி ஒரு வாசிப்பு. அதைத் தொடர்ந்து செய்தி மாடி மாடியாக இறங்கி வந்தது: "மாஸ்டர் ரெடியாம். சட்டை மாத்திட்டாராம். எப்போ இறக்கறீங்கன்னு கேக்கறார்."

படிக்கட்டே உருண்டு சிரித்தது. கண்டக்டர் தலையிலடித்துக்கொண்டு சிரித்தார். அக்காதான் சிரிக்கவில்லை.

"ஏங்க," என்றார் கணவரைப் பார்த்து. "மாஸ்டர் போன சட்டசபைத் தேர்தல்ல ஓட்டுப் போடலை. அவருக்கு எதிர் வீட்டு டீச்சரம்மா போடலை. மேல படுத்த படுக்கையா இருக்கறவங்க ஒருத்தரும் போடலை. இறங்க முடிஞ்சாத்தானே? அவங்க எல்லாரும் புறக்கணிச்சுட்டுத்தான் இருந்தாங்க. எவனாவது ஏன்னு கேட்டானா? எவனுக்காவது கடிச்சுதா?"

கண்டக்டர், பஸ்ஸில் சில்லறை இல்லாதபோது பார்ப்பதுபோல வேறு பக்கம் பார்த்தார்.

ஆளை நிறுத்துவதும் இல்லை, புறக்கணிப்பதும் இல்லை என்று விட்டு, அன்று இரண்டு முடிவுகள் எடுத்தார்கள். ஓட்டுக் கேட்கிறவர்கள் எட்டாவது மாடி வரை ஏறி வர வேண்டும். ஓட்டுப் போட வேண்டியவர்கள் ஒருவர் விடாமல் கீழே இறங்க வேண்டும். யாருக்குப் போடுவது என்பது அவரவர் பாடு. சங்கம் வாயைத் திறக்காது.

வேட்பாளர்கள் வந்தார்கள். வழக்கம்போல முற்றத்தில் ஜீப்பை நிறுத்தி, ஒலிபெருக்கியில் "தாய்மார்களே" என்றார்கள். ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. வாசலில் ஓர் அட்டை மட்டும் தொங்கியது: 'மேலே வரவும்'.

பழைய கவுன்சிலர் ஏறினார். பளபளவென்று புதுச் செருப்பு. அவர் நாலாவது மாடியை நெருங்கும்போதே அக்கா எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "உட்காருங்க. கடிக்குதா?"

"என்னது?"

"செருப்பு."

கவுன்சிலர் தொண்டர்களைப் பார்த்தார். அவர்களில் பாதிப் பேர் இரண்டாவது மாடியிலேயே தங்கிவிட்டிருந்தார்கள். "ஆமா" என்றார் மெதுவாக. அக்கா கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்திரியை எடுத்துக் கொடுத்து, தண்ணீரும் கொடுத்தார். "தாயி, உங்க பொன்னான வாக்கை..." என்று ஆரம்பித்தவரை, "மிச்சத்தை மேல போய்ப் பேசலாம். இன்னும் பாதி இருக்கு" என்று எழுப்பிவிட்டார். அவர் ஆறாவது மாடிவரை போய்விட்டுக் கும்பிட்டுத் திரும்பினார்.

எதிர்த்து நின்றவர் பல் டாக்டர். ஒல்லியான ஆள், ஓட்டக்காரர் ஷூ. மூச்சு வாங்காமல் எட்டாவது மாடிக்கே போய்விட்டார். திரும்பும் வழியில் பேண்ட் மாஸ்டரின் ஆடுகிற பல்லையும் பார்த்துக் கொடுத்தார். லிஃப்ட் என்றதும் மட்டும், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார். அவர் போன பிறகு மாஸ்டர் சொன்னார்: "பல் டாக்டர் நம்மளைத்தான் வாயைத் திறக்கச் சொல்வார். அவர் திறக்க மாட்டார்."

ஓட்டுப் போடும் நாள் காலையில் அக்கா கடைக்கு லீவு சொல்லிவிட்டார். மூன்றாவது மாடியில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை செய்கிற அண்ணன் தம்பி இருக்கிறார்கள். கட்டடத்தில் அவர்களுக்குப் 'பீரோ பிரதர்ஸ்' என்று பெயர். திருப்பங்களில் எதை எப்படிச் சாய்ப்பது என்பதெல்லாம் அவர்கள் பொறுப்பு. முதலில் டீச்சரம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு இறக்கினார்கள். அவர் புதுப் புடவை கட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தார். அடுத்து மாஸ்டர், கைவைத்த மர நாற்காலியில்.

"மாஸ்டர், பீரோவைவிட வெயிட்டு நீங்க" என்றார் தம்பிக்காரர்.

"பீரோ ஊதுமாடா?" என்றார் மாஸ்டர். மாடிக்கு மாடி நாற்காலியை இறக்கி வைக்கும்போதெல்லாம் ஊதினார். கல்யாணத்தில் மாப்பிள்ளை வருகிறபோது ஊதுவது. நாற்காலியின் ஒரு காலைப் பிடித்திருந்த கண்டக்டர், "ஹோல்டான்... ரைட்... ரைட்! படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க!" என்று வழி விலக்கிக்கொண்டு வந்தார். நேற்று வரைக்கும், "நான் தூக்கத்தான் வருவேன், போட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர்.

வாசலுக்கு வந்ததும் மாஸ்டர் டிரம்பெட்டை மடியில் வைத்தார். வெயிலில் கண் கூசியது. "அந்தப் பூ மரம் எங்க?" என்றார். வெட்டிவிட்டார்கள் என்றார்கள். "சரி, அந்தக் கலர் லைட்டுக் கடை என்னிக்கு வந்துச்சு?" என்றார். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். தெருவே அவருக்குப் பதில் சொன்னது. டீச்சரம்மா பாதி வழியில்தான் கண்ணைத் திறந்தார். பிறகு மூடவே இல்லை.

ஓட்டுச் சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டருகே மாஸ்டர் டிரம்பெட்டைத் துண்டால் மூடிக்கொண்டார். அதைத் தாண்டிச் சத்தம் கூடாது. வெளியே வந்த தேர்தல் அதிகாரி அப்படியே நின்றுவிட்டார். நாற்காலிக்குப் பின்னால் நாற்காலி. ஒவ்வொன்றையும் தூக்கியபடி நான்கு பேர். பின்னால் குடியிருப்பே வந்துகொண்டிருந்தது.

"என்னம்மா இது, ஊர்வலமா? இங்க ஊர்வலத்துக்கு அனுமதி இல்லை."

"ஊர்வலம் இல்லை சார்," என்றார் அக்கா. "வரிசை."

அதிகாரி பார்த்தார். கோணலே இல்லாத வரிசைதான். தானே போய்க் கதவின் மறு பாதியையும் திறந்துவிட்டார்.

மாஸ்டர் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது கண்டக்டர் சுவரோரமாக நின்றிருந்தார். "என்ன கண்டக்டர், எல்லாரையும் ஏத்தி விட்டுட்டு நீங்க டிக்கெட் எடுக்கலையா?" என்றார் மாஸ்டர், வரிசை முழுக்கக் கேட்கும்படி. கண்டக்டர் மனைவியைப் பார்த்தார். அக்கா அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்போல நின்றார். முணுமுணுத்தபடியே கண்டக்டர் போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

வாக்குகளை எண்ணியதில் பழைய கவுன்சிலரே மயிரிழையில் ஜெயித்தார். அந்தச் சாவடியில் இத்தனை ஓட்டு விழுந்ததே இல்லை என்று அன்றே பேச்சு அடிபட்டது. டியூஷன் சார் மட்டும் முகம் வாடிப்போய், "தோத்துட்டோமே அக்கா" என்றார்.

"நாம நிக்கவே இல்லையே சார். எப்படித் தோப்போம்?"

அந்த வாரமே கவுன்சிலர் நன்றி சொல்ல வந்தார். தொண்டர்கள் இல்லை, ஜீப் இல்லை. இந்தத் தடவை எட்டாவது மாடி வரைக்கும் ஏறினார். அவர் போன பிறகு அக்கா கணவரிடம் ரகசியமாகச் சொன்னார்: "பழைய செருப்புல வந்திருக்கார். வேலை நடக்கும்னு நினைக்கிறேன்."

நடந்தது, பாதி. இரண்டு லிஃப்ட்டில் ஒன்று சரியாயிற்று. மற்றதற்கு மறுபடி 'பரிசீலனை' ஒட்டியிருக்கிறார்கள். அதற்குச் சங்கம் புதன்கிழமை கூடுகிறது.

திறப்பு விழாவுக்கு ஒவ்வொரு மாடியிலும் ஜனங்கள் லிஃப்ட் கதவுக்கு முன்னால் கூடிவிட்டார்கள். குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுப்பில் வைத்ததை அணைத்துவிட்டு வந்தவர்கள். கீழே கவுன்சிலர் ரிப்பனை வெட்டினார். பீரோ பிரதர்ஸ் கீழே இறக்கி வைத்திருந்த மாஸ்டரைச் சக்கர நாற்காலியோடு உள்ளே தள்ளினார்கள். கவுன்சிலர் நுழைந்தார், கண்டக்டர் நுழைந்தார், கடைசியாக அக்கா நுழைந்து பொத்தான்களுக்கு அருகில் நின்றார்.

"எட்டுதானே அக்கா? அமுக்குங்க, நேரா மேல போயிடலாம்" என்றார் கவுன்சிலர்.

அக்கா உள்ளங்கையை விரித்து, கீழிருந்து மேல்வரை எல்லாப் பொத்தான்களையும் ஒரே இழுப்பில் தடவிவிட்டார்.