சொர்ணம்மாள் வருஷப் பாஸ் எடுக்காத கதை

மும்பை தாராவி தொண்ணூறடி ரோட்டுக்காரி சொர்ணம்மாளுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. காய்கறிக்காரன் கொசுறாக ஒரு பிடி கொத்தமல்லி போட்டால், அங்கேயே பிரித்து அழுகலைத் தேடுவாள். ரயிலில் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தால், சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். எங்கள் சந்தில் அவளைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. நானும் செய்திருக்கிறேன்.

ஆனால் அவள் பட்டவள். முன்பு வேலை பார்த்த இரண்டு தையல் கம்பெனிகள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டு போயின. இரண்டு முறையும் கையில் புதிதாக எடுத்த மூன்று மாத ரயில் பாஸ். அடுத்த வேலை வேறு லைனில் கிடைத்ததால் இரண்டும் வீண். அதற்குப் பிறகு பாண்டுப்பில் ஒரு சட்டைக் கம்பெனியில் தைத்ததில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். ஏழு வருஷமும் சயானிலிருந்து மாதப் பாஸ்தான். மொத்தமாக எடுத்தால் லாபம் என்று கவுன்ட்டர்காரர் சொன்னபோது, இவருக்கு இதில் என்ன கமிஷன் என்றுதான் யோசித்தாளாம்.

போன மழைக்காலத்துக்கு முன்பு வாட்ஸப்பில் ஒரு குரல் சுற்றியது. ஒன்றாம் தேதியிலிருந்து லோக்கல் பாஸ் ரேட்டு இரண்டு மடங்கு என்றது. மறுநாளே சயான் ஸ்டேஷனில் வரிசை படிக்கட்டு வரை நீண்டுவிட்டது. கம்பெனி சூப்பர்வைசர் மாலதி செம்பூர்க்காரி. எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னாள்:

"பழைய ரேட்லயே வருஷப் பாஸ் எடுத்துடுங்க. அப்புறம் ஏறிடுச்சுன்னு என்கிட்ட வந்து அழாதீங்க."

சொர்ணம்மாளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ரேட்டு ஏறும் என்பதையே அவள் நம்பவில்லை. பாத்ரூம் போனால்கூட வாட்சைப் பார்க்கிறவளுக்கு நம் பாஸ் மேல் திடீரென்று என்ன அக்கறை? பக்கத்து மேசை பேராச்சியிடம் கேட்டாள். பேராச்சியும் எங்கள் சந்துதான், இவளைவிடப் பத்து வயது சின்னவள்.

"ஏட்டி, இவ எதுக்கு வருசத்துக்கு எடுக்கச் சொல்லுதா?"

"யக்கா, நல்லது சொன்னாலும் ஒனக்குச் சந்தேகமா?" என்று சிரித்த பேராச்சி, அன்று சாயங்காலமே வரிசையில் நின்று வருஷப் பாஸ் எடுத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து பாண்டுப் ஸ்டேஷன் பாலத்தில் டிக்கெட் பார்க்கும் டிசி நின்று பெண்களை மடக்கிப் பாஸ் பார்த்தார். சொர்ணம்மாளுக்கு முன்னால் மாலதி. அவள் நீட்டிய பாஸை இவள் எட்டிப் பார்த்தாள். தேதியைப் படிக்க இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. அன்றுதான் எடுத்த பாஸ், ஒரே ஒரு மாதத்துக்கு. சொர்ணம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கம்பெனியை மூடப்போகிறார்கள். ஆர்டர் முடியும்வரை ஒருத்தியும் வேறு இடம் தேடிப் போகக் கூடாது, அதற்குத்தான் இந்தப் பேச்சு.

பேராச்சியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவளும் மாலதியும் சேர்ந்து டீ குடிப்பதைப் பார்த்திருந்தாள். சொன்னால் அங்கே போய்ப் பற்றவைப்பாள், முதலில் என் சீட்டுத்தான் கிழியும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் கம்பெனி கேட்டில் பூட்டு தொங்கியது. பாஸ் ரேட்டும் ஏறவில்லை. இரண்டிலும் தான் நினைத்ததே சரி என்று சொர்ணம்மாள் இரண்டு நாள் சந்தெல்லாம் சொல்லித் திரிந்தாள். அப்புறம் பேச்சு அடங்கியது. வருஷப் பாஸ் எடுத்த பெண்கள் தினமும் வண்டியேறி, காட்கோபர், விக்ரோலி, காஞ்சூர்மார்க் என்று இறங்கி இறங்கி வேலை கேட்டார்கள். இவள் பாஸ் அந்த வாரத்தோடு முடிந்திருந்தது. டிக்கெட் எடுத்து இரண்டு நாள் போனாள். வேலையே இல்லாதவளுக்குப் பாஸ் எதற்கு என்று பிறகு வீட்டோடு கிடந்தாள். வாடகை இரண்டு மாதம் நின்றது. இந்த மாதமும் தராவிட்டால் காலி செய் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேராச்சி வாசலில் வந்து நின்றாள்.

"யக்கா, விக்ரோலில எனக்கு வேலை கெடச்சிட்டு. செக்கிங்குக்கு இன்னொரு ஆளு வேணுமாம். ஒம்பேரைச் சொல்லிருக்கேன்."

"எம்பேரை எதுக்குச் சொன்ன?"

"வேற யாரு பேரைச் சொல்ல? ஒன் கண்ணுக்குத் தப்பி ஒரு பட்டன் போவுமா?"

சொர்ணம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்க முடியாமல் சொல்லிவிட்டாள்.

"மாலதி மாசப் பாஸ்தான் எடுத்திருந்தாட்டி. கம்பெனிய மூடப்போறாவன்னு அன்னைக்கே தெரிஞ்சிட்டு. ஒங்கிட்ட மறைச்சிட்டேன்."

"ஏன்?"

"நீ அவகிட்டப் போய்ச் சொல்லிருவியோன்னு."

பேராச்சி வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைக் காலால் தேடினாள்.

"அந்த வாரம் வேற லைன்ல, அந்தேரில ஒரு கம்பெனில என்னையக் கூப்பிட்டாவ. நல்ல சம்பளம். பாண்டுப்புக்கு வருசப் பாஸ் எடுத்தாச்சேன்னு வரலன்னுட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று சொர்ணம்மாள் பின்னால் என்னிடம் சொன்னாள். பேராச்சி செருப்பை மாட்டிக்கொண்டு, "நாளைக்கு எட்டேகால் வண்டி. பாஸ் எடுத்துட்டு வந்துரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் எட்டேகாலுக்கு முன்பே இவள் சயான் கவுன்ட்டரில் பாஸுக்கு நின்றாள்.