டாலிக்கு ஒரு முல்கியா

ஒரு வெள்ளைக்காரர் வேலை முடிந்து ஊருக்குத் திரும்புகிறார், வில்லாவைக் காலி செய்கிறார், தோட்டத்து மூலையில் கிடக்கும் டோ டாலியை யார் எடுத்துப்போனாலும் சந்தோஷம் என்கிறார் என்று என் கணவர் வந்து சொன்னபோது, எனக்கு அது என்னவென்றே தெரியாது. போனில் படம் காட்டினார். இரண்டு சக்கரம், நடுவில் ஒரு அச்சு, முன்னால் நீண்ட ஒரு இரும்புக் கை. ஓடாத காரின் முன் சக்கரங்களை இதன் மேல் ஏற்றி நாடாவால் இறுக்கிக் கட்டிவிட்டால், பின் சக்கரங்கள் தாமாக உருளும், இன்னொரு வண்டி முன்னால் இழுத்துப்போகும். படத்தில் இருந்ததை டாலி என்பதைவிடத் துரு என்பதே சரி.

"ஒரு போன் போட்டா ரிகவரிக்காரன் வந்து காரைத் தூக்கிட்டுப் போயிடுவான். இதெல்லாம் எதுக்குங்க?" என்றேன்.

"இருக்கட்டும்மா" என்றார். எட்டு மாதமாக அவர் வாயில் இருந்து வந்த பதில்களிலேயே அதுதான் கொஞ்சம் உயிருள்ளது. அதனால் மேலே பேசாமல் விட்டேன். நான் பேசாமல் விடுவது அபூர்வம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், எனக்குக் கோபம் மூக்குக்கு மேல்.

அந்த எட்டு மாதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துபாய் அல் குசைஸில் அவர் ஃபோர்மனாக இருந்த ஒர்க்‌ஷாப்பை முதலாளி மூடிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் புது வேலை கிடைக்கவில்லை. விசா முடிகிற நேரம், என் சம்பளத்தைக் காட்டி அவரை என் விசாவில் சேர்த்தேன். அவருடைய ஆவணத்தில் ஸ்பான்சர் என்ற இடத்தில் என் பெயர் வந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். பொங்கலுக்கு ஒரு தோழி வீட்டில் நாலைந்து குடும்பம் கூடியிருந்தது. அவர் தட்டை வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, "கஃபீலைக் கேட்டுட்டுத்தான் சாப்பிடணும், இவருக்கு இப்ப நான்தான் கஃபீல்" என்று சத்தமாகச் சொன்னேன். கஃபீல் என்றால் அரபியில் ஸ்பான்சர். எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிற கஃபீல், ஊருக்குப் போக விடாத கஃபீல் என்று இங்கே ஆண்கள் வருஷக்கணக்காகக் கதை கதையாகச் சொல்லிக் கேட்டவர்கள்தானே நாங்கள். அந்தச் சொல்லை என் வீட்டுக்காரர் மேல் விளையாட்டாகப் போட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் பாயசம் வாங்கவில்லை.

அடுத்த வாரம் சொன்னார்: "ஜூலை லீவுல என் விசாவைக் கேன்சல் பண்ணிடு. எனக்கு ஒன்வே டிக்கெட் போடு. நான் திருச்சியில இருந்துக்கறேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் நாங்கள் பிரிந்து இருந்ததே இல்லை. அவர் இல்லாத வீட்டுக்குள் நான் தினமும் சாவி போட்டுத் திறந்து நுழைவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஜூலைக்குள் எப்படியாவது மனசு மாறட்டும் என்று காத்திருந்தேன். அந்த நேரத்தில்தான் டாலி வந்தது.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியலில் வெல்டிங் ஷெட் வைத்திருக்கும் பெஷாவர் பக்கத்து பாய் ஒருவர், பழைய பழக்கத்தில் ஒரு மூலையைக் கொடுத்தார். என் கணவர் தினமும் காலையில் போனார். சனிக்கிழமைகளில் நானும் போனேன். போனேன் என்பதைவிட, என்னைவிட்டு வேறெங்காவது அவர் மனசு போய்விடுமோ என்று பின்னாலேயே ஓடினேன் என்பதே உண்மை. பேரிங்கைக் கழற்றிக் கிரீஸ் மாற்றினார். கார் திரும்பும்போது கூடவே திரும்பவேண்டிய தட்டு இறுகிப்போயிருந்தது. அதை மூன்று நாள் எண்ணெயில் ஊறவைத்துத் தட்டித் தட்டி இளக்கினார். டயர் பார்க்கப் புதிதாக இருந்தது. ஆனாலும் பக்கவாட்டில் அச்சடித்த தேதியைப் படித்துவிட்டு, "வயசாயிடுச்சு, பாஸிங்ல விடமாட்டான்" என்று மாற்றினார். வயசாகிவிட்டது என்ற சொல் வந்ததும் இருவரும் வேறு பக்கம் பார்த்தோம்.

பாஸிங் என்றால் வண்டியைச் சோதனை மையத்தில் காட்டித் தேறுவது. தேறினால்தான் முல்கியா, அதாவது பதிவு அட்டை. இழுக்கிற வண்டிக்கு மட்டும் இல்லை, இழுபடுகிற டாலிக்கும் தனி நம்பர், தனி முல்கியா. வெள்ளைக்காரர் கொடுத்த பழைய முல்கியா காலாவதியாகி வருஷங்கள் ஆகியிருந்தன. நம் ஊரில் கயிறு கட்டி இழுத்துப்போவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதெல்லாம் அதிகப்படியாகத் தோன்றியது.

இதற்கிடையே எங்கள் கட்டிடத்துப் பக்கத்து மணல்வெளியில், என்ஜின் இறுகி ஓடாமல் போன எங்கள் பழைய கார் நின்றுகொண்டிருந்தது. அதை ஷெட்டுக்குக் கொண்டுபோய்த் தானே என்ஜின் பிரிக்கவேண்டும் என்பதுதான் அவர் திட்டம். தூசி படிந்து நிற்கும் காரில் நகராட்சிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டித் தூக்கிப்போய்விடுவார்கள். ஆகவே ஓட முடியாத ஒரு காரை நான் வாரம் தவறாமல் பளபளவென்று கழுவிக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

திருச்சியில் இருந்து அக்கா போன் செய்தாள். "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்டாள். "டாலியை ரிப்பேர் பண்றார்க்கா" என்றேன். லைன் சரியில்லை. "தாலியையா? அந்து போச்சா? அபசகுனமா இருக்கேடி, முதல்ல மஞ்சக் கயித்தையாவது கட்டிக்க!" என்று அலறினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதில் பாதி சரி என்று பட்டது.

வேகமாக ஏதாவது செய்து அவரைச் சந்தோஷப்படுத்தவேண்டும் என்ற அவசரத்தில், ஒரு சனிக்கிழமை உப்புத்தாளைக் கையில் எடுத்தேன். "நீ சும்மா உக்காரு" என்றார். நானாவது சும்மா உட்காருவதாவது. அவரும் பாயும் டீ குடிக்கப் போன நேரத்தில், அந்த நீண்ட இரும்புக் கையைத் தேய் தேய் என்று தேய்த்தேன். ஒரு இடத்தில் குழி குழியாக இருந்தது. துரு தின்றிருக்கிறது என்று நினைத்து, டப்பாவில் இருந்த பட்டியை எடுத்து அப்பி, காய்ந்ததும் வழவழவென்று தேய்த்து, மேலே பிரைமரும் அடித்துவிட்டேன். திரும்பி வந்தவர் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மேலே அவர் கறுப்புப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தார்.

பாஸிங்குக்குப் போகும் நாள் வந்தது. பாயின் பிக்கப்பில் இழுவைக் கொக்கி இருந்தது, அதுவும் முறையாகப் பதிவானது. "இதுல மாட்டி இழுத்துட்டுப் போயிடலாமே, பக்கம்தானே?" என்றேன்.

"முல்கியா இல்லாத வண்டியை ரோட்டுல இறக்கக் கூடாது. பிடிச்சா கேஸ் ஆகும். எனக்கு ஒண்ணுன்னா ஸ்பான்சர்னு உன்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பான். உன் வேலைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்றார்.

பொங்கலில் இருந்து என் மேல் கோபத்தில் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மனுஷன், எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், காரை இழுக்கவேண்டிய டாலியை ஏற்றிப்போகவே ஒரு ரிகவரி லாரி வந்தது. பாய் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

சோதனை மையத்தில் விளக்கு எரிந்தது, இண்டிகேட்டர் சரியாக மினுக்கியது, பாதுகாப்புச் சங்கிலியை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். பிறகு அங்கிருந்த இன்ஸ்பெக்டர் பழைய முல்கியாவைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தார், நிமிர்ந்தார், அந்தப் பக்கம் போனார், இந்தப் பக்கம் வந்தார். "சேசிஸ் நம்பர் எங்கே?" என்று கேட்டார்.

என் கணவர் இரும்புக் கையில் ஒரு இடத்தைத் தொட்டார். அங்கே கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. நான் துருக்குழி என்று நினைத்துப் பட்டி வைத்து மூடியது குழி இல்லை, இரும்பில் அடித்திருந்த எண்கள். அந்த டாலியின் பெயரே அதுதான்.

"மாஃபி நம்பர், மாஃபி பாஸிங்" என்றார் இன்ஸ்பெக்டர், நம்பர் இல்லாமல் பாஸிங் இல்லை என்று.

என் கணவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மை மிஸ்டேக், சார். பெயின்ட் அடிக்கும்போது கவனிக்கலை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். முப்பது வருஷம் வண்டிகளோடு இருந்தவர், சேசிஸ் நம்பரைப் பெயின்ட் அடித்து மறைத்தவன் என்ற பெயரை அந்த வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் வாங்கிக்கொண்டார். நான் ஒரு கரண்டி பாயசத்துக்காக நாலைந்து குடும்பத்துக்கு முன்னால் அவரை எப்படி நிறுத்தினேன் என்பது அப்போது நினைவுக்கு வந்து என்னை அறைந்தது.

திரும்பும்போது, பள்ளிக்குப் போய்வரும் என் காரை நான் ஓட்ட, அவர் பக்கத்தில் இருந்தார். சிக்னலில் நின்றபோது சொன்னேன்: "அது நான் பண்ணினது. நம்பர்னு தெரியாம மூடிட்டேன்."

"தெரியும்" என்றார். "பட்டி வைக்கிற ஆளு வேற யாரு? பாய்க்கு இவ்வளவு நேக்கா வராது."

"அன்னைக்குக் கஃபீல்னு சொன்னதும் நான்தான். அதுவும் தெரியாம பண்ணினதுதாங்க. மன்னிச்சுக்கோங்க. எனக்கு நீங்க இல்லாம இங்க இருக்க முடியாது." பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"வண்டியை எடு" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "நீ சொன்னது வலிச்சுது. அதைவிட, அது நிஜம்ங்கறதுதான் வலிச்சுது" என்றார். ஜூலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அடுத்த இரண்டு நாள் அந்தப் பட்டியை அவரே சுரண்டினார். என்னை உப்புத்தாள் பக்கமே விடவில்லை. பெயின்ட் கரைப்பானை ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு எண்ணாக எழுந்து வந்தது. ஒவ்வொன்றையும் முல்கியாவோடு ஒத்துப் பார்த்து என்னை வாசிக்கச் சொன்னார். கடைசி எண் சரியாக இருந்தபோது பாய் கைதட்டினார். "பாபி, அப் மத் சூனா!" என்று என்னிடம் கை கூப்பினார். இனித் தொடாதே தாயே என்று அர்த்தம்.

மறுபடி ரிகவரி, மறுபடி வரிசை. அதே இன்ஸ்பெக்டர். எண்களின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார், சிரித்தார், முத்திரை குத்தினார். கவுன்ட்டரில் என் கணவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் சூடு ஆறாத புது அட்டை ஒன்று ஜன்னல் வழியாக வந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர். அதை அவர் ரொம்ப நேரம் பார்க்கவில்லை. அட்டையைத் திருப்பி வேறு எதையோ தேடினார்.

வெளியே, எங்கள் பின்னாலேயே வந்திருந்த பாய் தன் பிக்கப்பில் டாலியை மாட்டிச் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தார். மணல்வெளியில் எங்கள் கார் காத்திருந்தது. என் கணவர் நிழலில் நின்று போனை எடுத்து எதையோ தட்டினார். அட்டையைப் பார்த்தார், மறுபடி தட்டினார்.

"யாருக்கு மெசேஜ்?" என்றேன்.

"மெசேஜ் இல்லை. இதுக்கு ஒரு வருஷம்தான் போட்டிருக்கான். அடுத்த மே மாசம் மறுபடி பாஸிங். மறந்துடக் கூடாதுன்னு போன்ல போட்டு வைக்கறேன்." பிறகு தலை நிமிராமலே கேட்டார்: "மே மாசம் உனக்குப் பரீட்சை டூட்டி இருக்குமே. அன்னைக்கு ஒரு நாள் லீவு கிடைக்குமா? நீயும் வந்தாத்தான் நல்லாருக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வெயிலில், அத்தனை வண்டிக்காரர்கள் நடுவில், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

"நாளைக்கே பிரின்சிபாலைக் கேட்டுடறேன்" என்றேன்.