மாடி ஏறிய கியூபா குதிரை

யாங்கோனில் கனமான பொருள் எதையாவது நகர்த்த வேண்டுமென்றால் ஆட்கள் என்னைத்தான் தேடி வருவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஊர் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அலோன் துறைமுகத்தில் அரிசி மூட்டை சுமக்கப் போனவன் நான். இன்றைக்கு நாலு லாரி, ஒரு கிரேன், மரப்பெட்டி அடிக்கிற கொட்டகை ஒன்று. எக்ஸ்ரே மெஷின் தூக்கியிருக்கிறேன், அச்சு இயந்திரம் தூக்கியிருக்கிறேன், மாதாகோவில் மணியை இறக்கிப் பழுது பார்த்து மறுபடி ஏற்றியிருக்கிறேன். ஒரு கீறல் விழுந்ததாக யாரும் சொன்னதில்லை. எஞ்சினியர் படித்தவர்கள் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது நான் பொருளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இரண்டு தட்டுத் தட்டி, எங்கே பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிடுவேன்.

அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு முறை ஒரு மாடிப்படியில் மாட்டிக்கொண்டேன். ஒரு குதிரை மாட்டிவிட்டது.

கியூபா நாட்டு ஓவியங்களையும் சிற்பங்களையும் கொண்டுவந்து நகர மையத்தில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் காட்சிக்கு வைக்கப் போகிறோம் என்று ஒரு பர்மாக்கார அம்மா என்னிடம் வந்தார். படம் வரையச் சொல்லிக் கொடுப்பவர். எல்லாரும் சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். பர்மாவில் டீச்சரம்மாவுக்கு அதுதான் மரியாதையான பேச்சு. துறைமுகத்திலிருந்து பெட்டிகளை எடுத்து, மாடிக்கு ஏற்றி, பிரித்துக் கொடுக்க வேண்டும். "ஊலே, உங்களை நம்பித்தான் அவங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றார். ஊலே என்றால் சித்தப்பா. சித்தப்பா என்று கூப்பிட்ட பிறகு முடியாது என்று சொல்லவா முடியும்?

படங்களில் சிரமமே இல்லை. ஒவ்வொன்றாகப் பெட்டியைப் பிரிக்கப் பிரிக்க எங்கள் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வாய் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு படத்தில் கரும்புக் காடு. கிட்டப் போய்ப் பார்த்தால் கரும்பெல்லாம் கால்கள், கணுவெல்லாம் முட்டி. இன்னொன்றில் நடுக்கடலில் ஒரு சாப்பாட்டு மேசை. அலைக்கு மேலே ஒரு குடும்பமே உட்கார்ந்து சூப் குடிக்கிறது, ஒருத்தர் சட்டையும் நனையவில்லை. எனக்குப் பிடித்தது மூன்றாவது. தெருவோரத்தில் நாலு கிழவர்கள் புள்ளி போட்ட கட்டை அடுக்கி விளையாடுகிறார்கள். அதில் ஒருவருக்குச் சேவல் தலை. மற்ற மூன்று பேரும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் ஏமாற்றுகிறாரா என்றுதான் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"கனவு படத்துக்குள்ள வந்தா சர்ரியலிசம், ஊலே" என்று சயாமா விளக்கினார். "அந்தக் கனவு வந்து பக்கத்துல உக்காந்தும் யாரும் நாற்காலியை விட்டு எந்திரிக்கலைன்னா, அது மாய யதார்த்தம்."

எனக்கு ஒரு நொடியில் பிடிபட்டுவிட்டது. எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். நேற்று ராத்திரி முனீஸ்வரன் சுருட்டுப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போனார் என்பார். அதே மூச்சில், வெங்காயம் என்ன விலை என்று கேட்பார். புத்தகம் படித்தவர்கள் இதைப் புரிந்துகொள்ள எத்தனை வருஷம் பிடித்ததோ தெரியாது.

கடைசியாக வந்தது குதிரை. அதைச் செதுக்கிய அம்மாவும் கூடவே விமானத்தில் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். குட்டையான உருவம், ஆனால் கையைப் பார்த்தால் மரவேலைக்காரர் கை. எனக்கு உடனே மரியாதை வந்துவிட்டது. அவர் கொண்டுவந்தது அந்த ஒரே சிற்பம்தான். ஒரே அடிமரத்தில் செதுக்கியது. ஒட்டு கிடையாது, ஆணி கிடையாது. உடம்பு குதிரை, முகம் பெண். பிடரி மயிர் இருக்க வேண்டிய இடத்தில் கரும்புத் தோகை. குளம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து விரலோடு மனிதப் பாதம். முதுகில் மட்டும் ஒரு பள்ளம், யாரோ பல வருஷம் உட்கார்ந்து தேய்ந்துபோன மரப்பலகை மாதிரி.

கட்டடத்து லிப்டில் நான்கு பேர் நின்றாலே மூச்சு முட்டும். அதுவும் கரண்ட் இருந்தால்தான். தெருவில் கிரேனை நிறுத்தலாமென்றால் தலைக்கு மேலே சிலந்தி வலை மாதிரி மின்கம்பி. மாடிப்படிதான் வழி. என் லாரி ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். முதல் திருப்பத்தில் மேலே ஒரு தேக்கு உத்திரம் குறுக்கே போகிறது. குதிரையின் நெற்றி அதில் முட்டியது. அரை முழம் இடிக்கிறது. தாழ்த்திக் கையில் பிடித்துப் பார்த்தால் வயிறு இரும்புக் கைப்பிடியில் மோதுகிறது. மறுபடி கீழே இறக்கி வைத்தோம்.

மறுநாள் சாயங்காலம் திறப்பு விழா. உத்திரத்தை அறுக்க முடியாது, நூறு வருஷக் கட்டடம். சயாமா தயங்கித் தயங்கி, கழுத்தோடு அறுத்து மேலே கொண்டுபோய் ஒட்டிவிடலாமா என்று இங்கிலீஷில் கேட்டார். செதுக்கிய அம்மா போய்க் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். மாடி ஏறாவிட்டால் குதிரை என் கொட்டகையில் கிடக்கும். அவர் உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்தது வீணாகப் போகும். அந்த முகத்தைப் பார்த்ததும் நான் மார்பில் தட்டி, "நாளை மத்தியானத்துக்குள் குதிரை மேலே நிற்கும்" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது. நான் முதலில் சொல்லிவிடுவேன், வழி பிறகு வரும். என் தொழிலே அப்படித்தான் வளர்ந்தது.

வழி வந்தது. எங்கள் அம்மன் கோவிலில் சாமி தூக்கும் ஆட்கள் பன்னிரண்டு பேர். இதைவிடப் பெரிய யாளி வாகனத்தை, கொட்டுகிற மழையில், குனிந்து வர வேண்டிய வாசல் வழியாக வெளியே கொண்டுவருகிறவர்கள். பன்னிரண்டு பேரும் ஒரே கால் எடுத்து வைப்பார்கள். அவர்களுக்குத் தலைவர் என் வயதுக்காரர். மூட்டை தூக்கிய காலத்திலிருந்து பழக்கம். போனில் கூப்பிட்டேன். வேலை நாள், வர முடியாது என்றார். அப்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"யோவ், அது சும்மா பொம்மை இல்லய்யா. அசல் நம்ம வாகனம்தான். காமதேனு மாதிரி பொம்பளை முகம். நீங்க தூக்காம யாரு தூக்குறது?"

காலையில் பன்னிரண்டு பேரும் தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு, வாகனம் சுமக்கிற தண்டு இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. தலைவர் குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பாதத்து விரல்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதுகைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"எங்கண்ணே, மேல யாரையும் காணோம்?"

"யாரு வேணும் உனக்கு?"

"வெறும் வாகனத்த நாங்க தோள்ல ஏத்த மாட்டோம்னு ஒங்களுக்குத் தெரியாதா? கையில புடிச்சு, தரையோட தரையா வேணும்னா கொண்டு போறோம்."

தெரியும். மறந்துபோனேன். சாமி இல்லாத வாகனத்தைத் தோளில் தூக்கினால் பாரம் இரண்டு மடங்காகும் என்பது அவர்கள் கணக்கு. கையில் பிடித்தால் அந்த இரும்புக் கைப்பிடியைத் தாண்டாது. தோளில் ஏற்றினால்தான் உண்டு.

"இது வாகனமே இல்லய்யா" என்றேன்.

"நேத்து நீங்கதான வாகனம்னீங்க?"

பின்னால் நின்ற ஒருவர், "அண்ணே போன்ல சொன்னத ஸ்பீக்கர்ல போட்டு எல்லாரும் கேட்டோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

தலைவர் இடுப்பிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். "இத வச்சுட்டாப் போதும். அம்மன்னு நெனச்சு ஏறிடுவோம்."

பழம் பள்ளத்தை நெருங்கியதும் செதுக்கிய அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார். அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ். அதைச் சயாமா பர்மீயப் பேச்சில் எனக்குச் சொல்ல, நான் தமிழில் சொல்ல வேண்டும். அதில் எதையும் வைக்கக் கூடாது, ஒரு பூ கூட வைக்கக் கூடாது என்றார். வெறுமையாக இருப்பதுதான் சிற்பமே என்றார்.

"வெறுசா இருக்குறதத் தூக்க எங்களக் கூப்பிட்டீங்களாக்கும்?" என்று தலைவர் தண்டைச் சுவரில் சாத்தினார்.

இவர்கள் வெறுமையாகத் தூக்க மாட்டார்கள். அவர் வைக்க விடமாட்டார். விழாவுக்கு எட்டு மணி நேரம்கூட இல்லை. நடுவில் வாக்குக் கொடுத்தவன் நான். இவர்களுடைய வழக்கத்தை அந்த அம்மாவுக்கு மெல்ல எடுத்துச் சொல்லச் சொன்னேன். சயாமா சொன்னார். அந்த அம்மா கேட்டு முடித்து, எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், பன்னிரண்டு பேருடைய தோளையும் பார்த்தார். ஒவ்வொரு தோளிலும் தண்டு பட்டுக் காய்த்த தழும்பு. பிறகு தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"வெறுமை இல்லையாம், ஊலே" என்றார் சயாமா. "அவங்க அம்மா உக்காந்திருக்காங்களாம். இறந்துபோனவங்க. யாரு கண்ணுக்கும் தெரியாதாம், அவ்வளவுதானாம்."

நான் இதைத் தமிழில் சொல்லும்போது, இவர்கள் சிரித்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தலைவர் சிரிக்கவில்லை. கோபப்பட்டார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? ஒரு பெரிய மனுசி உக்காந்திருக்குறப்ப நான் பாட்டுக்கு மடியில பழத்த வைக்கப் போனேனே!" பழத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். என் வாழ்நாளில் என்னைத் தவிர இன்னொருவர் கேட்ட புத்திசாலித்தனமான கேள்வி அது ஒன்றுதான்.

"அம்மா எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்காங்க?"

கேள்வி இரண்டு மொழி தாண்டிப் போய்ச் சேர்ந்ததும் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. எத்தனையோ ஊரில் எத்தனையோ பெரிய ஆட்கள் இந்தக் குதிரைக்கு அர்த்தம் கேட்டிருக்கிறார்களாம். இதை ஒருவர்கூடக் கேட்டதில்லையாம். பிறகு கண்ணீரோடு சிரித்தபடி கையால் வால் பக்கத்தைக் காட்டினார். கரும்புத் தோட்டத்து வீட்டைக் காலி செய்துகொண்டு குதிரை வண்டியில் கிளம்பியபோது அவர் அம்மா பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாராம். வீட்டை விட்டு வருகிற துக்கமா என்று கேட்டேன். இல்லையாம். விட்டுவந்த கோழிகளைப் பக்கத்து வீட்டுக்காரி பிடிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே வந்தாராம்.

"பிடிச்சாளா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"கண்ணுக்கு மறையற நேரத்துல ரெண்டு கோழியப் பிடிச்சுட்டாளாம்" என்று கேட்டுச் சொன்னேன்.

பன்னிரண்டு பேரும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டினார்கள். தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப அம்மா மொகம் வால் பக்கம். மொகம் பாக்குற பக்கம்தான் முன்னாடி போகணும். திருப்புங்கடா!"

குதிரையைத் திருப்பினார்கள். தண்டைக் கட்டி, ஒரே மூச்சில் தோளில் ஏற்றினார்கள். வால் முன்னால், தலை பின்னால். "மெதுவா... அம்மா இருக்காங்க... எடது காலு..." என்று தலைவர் குரல் கொடுக்க, படி படியாக ஏறியது. திருப்பம் வந்தது. உத்திரம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று சிலர் சொல்வது பொய். ஒரு கண்ணைத்தான் மூடினேன். குதிரையின் கழுத்து முன்னோக்கிச் சாய்ந்த கழுத்து. தலை முன்னால் போனால் படியின் சரிவில் கழுத்து நிமிர்ந்து நெட்டுக்குத்தாக நிற்கும். வால் முன்னால் போனால் அதே கழுத்து கீழ்ப்படிகளின் பக்கம் தாழ்ந்து படுத்துவிடும். உத்திரத்துக்கும் நெற்றிக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி விட்டுக் குதிரை நழுவிப் போனது. ஐம்பது வருஷமாகப் பாரம் தூக்குகிற எனக்கு அது முந்தின நாளே தோன்றியிருக்க வேண்டும். குதிரையை யாராவது வால் பக்கமாக ஓட்டுவார்களா? அதனால்தான் தோன்றவில்லை. மற்றபடி எனக்குத் தோன்றாதது எதுவும் கிடையாது.

மேலே கூடத்தில் இறக்கியதும் ஒரு சிக்கல். குதிரையின் முகம் வாசலைப் பார்க்க வேண்டும் என்று சயாமா தரையில் சாக்பீஸால் குறி போட்டு வைத்திருந்தார். தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"வீட்டுக்கு வர்றவங்கள அம்மா பாக்க வேணாமா? சொவத்தப் பாத்தா உக்காரச் சொல்றது?"

அந்த அம்மா தானே குனிந்து கைக்குட்டையால் சாக்பீஸ் கோட்டை அழித்தார். வால் வாசலைப் பார்க்க, குதிரை அப்படியே நின்றது.

சாயங்காலம் நல்ல கூட்டம். ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவில் லப்பயே என்கிற பால் டீ கிளாஸோடு பெரிய பெரிய ஆட்கள் வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிவது மரக் குதிரையின் பின்புறம். கோட்டுப் போட்ட ஒருவர் முகம் சுளித்து, இது ஏன் திரும்பி நிற்கிறது என்று என்னிடம் கேட்டார். நல்ல சட்டை போட்டிருந்ததால் என்னை விழாக்காரன் என்று நினைத்துவிட்டார். அவர் நினைப்பை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

"குதிரைதான் சார் திரும்பி நிக்குது. மேலே அம்மா உக்காந்திருக்காங்க, அவங்க உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க" என்று பர்மீயப் பேச்சில் சொன்னேன்.

அவர் பள்ளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பள்ளத்தைப் பார்த்தார். கோட்டுப் பொத்தானை மெல்லப் போட்டுக்கொண்டு, மேலே இருப்பவர் பார்வையை மறைக்காமல் ஒதுங்கி நடந்து போனார். கூடத்தின் அந்தக் கோடியில் செதுக்கிய அம்மா இதைப் பார்த்துவிட்டு, என்னை நோக்கி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். தலைவரிடமிருந்து கற்றுக்கொண்டது போலிருக்கிறது. கொஞ்சம் கோணல், ஆனாலும் பரவாயில்லை.