எக்ஸ்ரே அக்காவுக்குத் தெரியாத அடி

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் பின்வாசலில் பை சோதிக்கிற வேலை அவளுக்கு. வேலை முடிந்து போகிற பெண்கள் வரிசையாக வந்து பையைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். மற்ற காவலாளிகள் பைக்குள் கையை விட்டுத் துழாவுவார்கள். இவள் பையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். முகத்தைப் பார்ப்பாள். "மதியம் என்ன சாப்பிட்டே?" என்பாள். பதில் வந்ததும், "யாரு சமைச்சது?" என்பாள். இரண்டாவது கேள்விக்கு எவள் முந்திக்கொண்டு பதில் சொல்கிறாளோ, அவளுடைய சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் ஜிப் கட்டோ நூல்கண்டோ நிச்சயம் இருக்கும். அதனால் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர். வைத்தவர்கள் எரிச்சலில் வைத்தார்கள். அவள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள்.

சந்தேகத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வரும் பழக்கம் அவளிடம் இல்லை. பால் பாக்கெட்டைக் கையில் தூக்கிக் கனம் பார்ப்பாள். மின்கட்டணம் கூடி வந்தால் பக்கத்து வீட்டு விளக்கை முறைப்பாள். வீட்டுக்காரர் ஒருவர்தான் இந்தச் சோதனைக்கு வெளியே இருந்தார். கடைத்தெருவில் ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிறவர், சாது. பொய் சொன்னால் காது சிவந்துவிடும். கல்யாணமான புதிதிலேயே அதைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, அவர் விஷயத்தில் அவள் நிம்மதியாக இருந்தாள்.

முன்பொரு முறை அவருக்கு நெஞ்சுவலி வந்து போனது. அதிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை. தண்ணீர் தம்ளரோடு எதிரில் நின்று, விழுங்கச் சொல்லி, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியிலும் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

அப்படிப்பட்ட மனிதர் மாறத் தொடங்கினார். முதலில் தலைவலி என்றார். பிறகு சாயங்காலம் வந்ததும் செருப்போடு கட்டிலில் சாய்ந்து தூங்கினார். பேச்சு இழுத்தது. கத்தரிக்கோலைக் கேட்க வாயெடுத்து, "அந்த... அது..." என்று விரலை ஆட்டினார். ஒரு வாடிக்கையாளர் திரையைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். ஒரு பக்கம் தரையைத் தொட, மறு பக்கம் முழங்கால் உயரத்தில் நின்றதாம். தையலில் நூல் பிசகாத ஆள் அவர்.

குடிக்கிறார் என்று அவள் முடிவுகட்டினாள். சட்டையை வாங்கி மடிப்பதுபோல் மோந்து பார்த்தாள். வாயை மோந்து பார்த்தாள். ஒரு வாடையும் இல்லை. அதிலேயே சந்தேகம் இரட்டித்தது. வாடை வராத சரக்கு ஏதாவது வந்திருக்கும், யார் கண்டது?

"இந்தக் கோட்டு மேலயே நேரா நடங்க பாப்போம்," என்று தரை ஓடுகளின் இணைப்பைக் காட்டினாள்.

"எதுக்கு?"

"நடங்கன்னா நடங்க."

அவர் நடந்தார். வலப்பக்கம் சாய்ந்து சுவரில் தோளை இடித்துக்கொண்டார். வலது காலின் செருப்பு பாதியிலேயே கழன்று கிடந்தது. அது கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. இவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும், "குடிகாரன் செருப்பைக்கூட மறப்பான்" என்று கணக்குப் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கே, ஆணியில் நெடுநாளாகத் தொங்கிய சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையிலிருந்து ஒரு துண்டுத் துணி விழுந்தது. நீலத்தில் வெள்ளைக் குருவிகள் போட்ட துணி. அவருடைய கடையில் எந்தத் துணி எந்த அலமாரியில் இருக்கிறது என்பது இவளுக்கு மனப்பாடம். இந்தக் குருவி அங்கே கிடையாது. தனக்குத் தெரியாமல் துணி வாங்கி, தைத்து, ஒருத்தி வீட்டு ஜன்னலில் மாட்டியிருக்கிறார்!

"இது யார் வீட்டுத் துணி?"

அவர் துணியைப் பார்த்தார். உதடு ஒரு ஓரமாகக் கோணி, சிரிப்பதுபோல் இருந்தது. பதில் வரவில்லை. காதைப் பார்த்தாள், சிவக்கவில்லை. பொய் சொல்லவும் அந்த மனிதருக்கு வார்த்தை கிடைக்கவில்லை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் தம்ளர் அவருடைய வலது கையிலிருந்து நழுவி உடைந்தது. எடுக்கக் குனிந்தவர் வாந்தி எடுத்தார். கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. தெருமுனை கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் வயதில் சின்னவர். விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார், கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். "ஐயா, சமீபத்துல தலையில அடி ஏதும் பட்டுச்சா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள். "அதெல்லாம் ஒண்ணும் படல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"எனக்குத் தெரியாம அவருக்கு ஒரு கொசுகூடக் கடிக்காது டாக்டர்."

"என்ன மாத்திரை சாப்பிடறாரு?"

"நெஞ்சுக்கு ஒண்ணு," என்றாள். தலையில் கோளாறு, நெஞ்சு மாத்திரையைப் பற்றி என்ன விளக்கம் வேண்டியிருக்கிறது என்று அத்தோடு விட்டுவிட்டாள்.

டாக்டர் ரத்தச் சோதனைக்கு எழுதினார். "உப்புச்சத்து குறைஞ்சிருந்தாலும் இப்படிக் குழம்பும். நாளைக்கு ரிப்போர்ட் வரட்டும். ஆனா அடி பட்டிருந்தா சொல்லுங்க, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். வெளிய காயமே இருக்காது, உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். ஒரு நாள் தள்ளினாலும் ஆபத்து."

வெளியே வந்து பெஞ்சில் அவரை உட்கார வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. டாக்டரின் கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொன்னது யார்? வாசல் வரிசையில் ஒருத்தி அப்படிச் சொல்லியிருந்தால் விட்டிருப்பாளா?

அந்த வழியாக வந்த எதிர்வீட்டுப் பையனை அழைத்து அவருக்குக் காவல் வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்கு ஓடினாள். அவருடைய கடைக்குப் பக்கத்தில் இஸ்திரி போடுகிறவர் ஒருவர் உண்டு. குருவித் துணியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதுவா? போன மாசம் தச்சாரே. திரையையும் கம்பியையும் ஆட்டோவில ஏத்திக்கிட்டுப் போனாரு. தண்ணித்தொட்டிக்குப் பின்னால புதுசா கட்டின வீடுங்க இருக்கே, அங்க."

தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் அவளுக்குத் தெரிந்து குடிவந்தவள் ஒருத்திதான். வேறொருத்தி இல்லை. அவருடைய தங்கை.

நாத்தனாரோடு பேச்சுவார்த்தை நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. மாமியார் இறந்த வீட்டில் ஒரு சங்கிலி காணாமல் போனது. இவள் சொந்தக்காரர்கள் எல்லார் முன்னிலையிலும் நாத்தனாரின் பையை வாங்கி, கவிழ்த்து, உதறிப் பார்த்தாள். அந்த முறை முகத்தைப் பார்க்க மறந்துவிட்டாள். சங்கிலி பிறகு தலையணை உறைக்குள் அகப்பட்டது. மன்னிப்பு என்ற வார்த்தை இவள் தொண்டையைத் தாண்டவில்லை. அந்த வீட்டுப் படி மிதிக்கக் கூடாது என்று வீட்டுக்காரருக்கும் தடை போட்டாள். அவர் தலையாட்டினார்.

இப்போது அந்தப் படியில் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னலில் நீலத் திரை. வெள்ளைக் குருவிகள். விளிம்பு நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. அப்போது அவர் நன்றாகத்தான் இருந்திருக்கிறார் என்று நினைத்ததும் கண் கலங்கியது.

கதவைத் திறந்த நாத்தனார் அசந்துபோய் நின்றாள். பிறகு முகம் இறுகியது. "என்ன அண்ணி, பையைப் பாக்க வந்தீங்களா? உள்ள இருக்கு, எடுத்துட்டு வரவா?"

அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். "உங்க அண்ணனுக்கு இங்க தலையில அடி பட்டுச்சா?"

நாத்தனார் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள். உண்மை வரப்போகிறது என்று எக்ஸ்ரே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"கம்பி மாட்டிட்டு ஸ்டூல்ல இருந்து இறங்கினப்ப கால் வழுக்கிடுச்சு. ஜன்னல் கதவு முனையில இடது பொட்டு மேல இடிச்சுக்கிட்டாரு. ஒரு சொட்டு ரத்தம் வரல. கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாரு. 'உங்க அண்ணி காதுக்குப் போச்சு, அப்புறம் என் தலை நிஜமாவே உடையும்'னு சிரிச்சாரு. ஏன் அண்ணி? அண்ணனுக்கு என்ன?"

"கிளம்பு. ஆட்டோவில சொல்றேன்."

கிளினிக் பெஞ்சிலிருந்து அவரையும் ஏற்றிக்கொண்டு போக, பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் மாட்டி, டாக்டரம்மா இருவருக்கும் காட்டினாள். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே தடித்த உறை ஒன்று இருக்கிறது. மூளையிலிருந்து அந்த உறைக்குப் போகிற மெல்லிய ரத்தக்குழாய்கள் உண்டு. வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்க, அவை இழுபட்டு நிற்கும். சின்ன அதிர்ச்சி போதும், ஒன்று அறுந்து கசியத் தொடங்கிவிடும். எலும்பு விரிந்து கொடுக்காது. சேர்கிற ரத்தம் மூளையைத்தான் நெருக்கும். இடப்பக்கம் நெருக்கினால் வலது கை போகும், பேச்சு போகும்.

"எக்ஸ்ரே எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமா டாக்டர்?" என்று நாத்தனார் கேட்டாள். குத்தலுக்குக் கேட்கவில்லை.

"எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும். இது தெரியாது," என்றாள் டாக்டரம்மா. "ரத்தம் உறையாம இருக்க ஏதாவது சாப்பிடறாரா?"

இவள் ஆமென்று தலையை ஆட்டினாள். நாக்குக்கு அடி வரைக்கும் பார்த்து, நாள் தவறாமல், தன் கையாலேயே கொடுத்திருக்கிறாள். கசிவு நிற்காமல் பார்த்துக்கொண்டதே அவள்தான். அந்தக் குற்றம் யாரும் சொல்லாமலேயே நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"மாத்திரை அவசியமானதுதான். அடி பட்டதும் சொல்லியிருக்கணும், அவ்வளவுதான்," என்றாள் டாக்டரம்மா. ரத்தம் உறைவதற்கு மருந்து ஏற்றிவிட்டு, மண்டையோட்டில் துளை போட்டு, தேங்கியதை வடித்து எடுப்பதாகச் சொன்னாள். பேச்சு முழுதாகத் திரும்புமா என்று கேட்டதற்கு, "கண் முழிக்கட்டும், பாப்போம்," என்று மட்டும் சொன்னாள்.

அறுவை அறைக்கு வெளியே நாற்காலியில் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலி. கழிவறைக்குப் போக எழுந்த நாத்தனார், தன் கைப்பையை அந்தக் காலி நாற்காலியில் வைத்து, "பாத்துக்குங்க அண்ணி," என்றாள். வேண்டுமென்றே சொன்னாளோ, பழக்கத்தில் சொன்னாளோ. இவள் அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஜிப்பின் மேல் கையைக்கூட வைக்காமல், முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். திரும்பி வந்தவளிடம், "அன்னைக்குச் சங்கிலி தலையணையில இருந்துச்சு. தப்பு என்மேலதான்," என்றாள்.

"தெரியும்," என்றாள் நாத்தனார். நடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் கண் விழித்ததும் ஒருவரை மட்டும் உள்ளே விட்டார்கள். தலையில் கட்டு, பக்கத்தில் குழாய். டாக்டரம்மா வலது கையைத் தூக்கச் சொன்னாள், தூக்கினார். "ஐயா, தலையில எங்க இடிச்சீங்க? ஞாபகம் இருக்கா?"

அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"கடையிலதான் டாக்டர். மேல் தட்டிலிருந்து துணிக்கட்டை எடுக்கறப்ப, அலமாரிக் கதவு திறந்து கிடந்தது. கவனிக்கல, நேரா போய் முட்டிக்கிட்டேன்."

ஒரு திக்கல் இல்லை. ஒரு "அது" இல்லை. அலமாரி, கதவு, துணிக்கட்டு, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கட்டுக்குக் கீழே இரண்டு காதும் செக்கச் செவேலென்று சிவந்திருந்தன.

வாழ்க்கையில் முதல்முறையாக, கையும் களவுமாகப் பிடிபட்ட ஒருவரைப் பார்த்து எக்ஸ்ரே அக்காவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"ஆமா டாக்டர்," என்றாள். "அந்த அலமாரிக் கதவை மாத்தணும்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்."